நாத்தனாருக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தேன்

எங்கள் தெருவில் முதன்முதலில் செஸ் ஆடிய பொம்பளை நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

மில்லில் ரீலிங் பிரிவில், நூல் சுற்றுகிற வேலையில் இருந்தேன். ஒரு தடவை கதவடைப்பு மாதக்கணக்கில் இழுத்தது. கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆம்பளைகள் ஒரு பக்கம் செஸ் பலகையைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள், என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். நான் கீரை ஆய்ந்துகொண்டே தள்ளியிருந்து பார்ப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் தோற்கப் போன ஒருவரிடம், யானையை எடுங்கள் என்றேன். எடுத்தார், ஜெயித்தார். அதற்கப்புறம் என்னைத் தள்ளிப் போய் உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு நானும் நிறையப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மருமகளுக்கு, எதிர்வீட்டு டைலருக்கு, தட்டாஞ்சாவடி பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை எழுதுவதே மெல்ல மெல்லத்தான் நடக்கிறது. ஆனால் புதுசாக ஆட உட்காருகிற ஆள் எங்கெங்கே இடறுவார் என்று எனக்குத் தெரியும். முதலில் குதிரை. அது எப்படிப் போகும் என்று நூறு முறை கேட்பார்கள். அடுத்து சிப்பாய். நேராகப் போய்விட்டுச் சாய்வாக வெட்டுவானேன் என்று சண்டைக்கு வருவார்கள். அப்புறம் மூலையில் சும்மா நிற்கிற மந்திரியை மறந்துவிட்டு அவன் வாயிலேயே ராணியைக் கொண்டுபோய் வைப்பார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் வரும், வந்து போய்விடும். நான் ஒரு நாளும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

என் நாத்தனாருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு தப்பையும் எண்ணி எண்ணிப் பயந்தேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. கடைசியாகப் பிறந்தவள் என்பதால் தலை நரைத்த பிறகும் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். அவள் கட்டிக்கொண்டது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை. எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். சொல்தா வீட்டு மருமகள் என்று அவளுக்கு ஒரு நிமிர்வு உண்டு. அவர் காலமான பிறகு நெல்லித்தோப்பில் அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள். ஒரே மகன், பிரான்சில் ரயில்வேயில் வேலை. நான் இரண்டு தெரு தள்ளி என் மகனோடு இருக்கிறேன். தினம் ஒரு நடை போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் மீன் வாங்கப் போனவள் மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. நான் மார்க்கெட்டெல்லாம் தேடினேன். மீன்காரி, அப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே என்றாள். சாயங்காலம் லாஸ்பேட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைக் காலேஜ் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டாள். மீன் பையில் நாறிப்போயிருந்தது. கேட்டதற்கு, பஸ் மாறி ஏறிவிட்டேன், அவ்வளவுதானே என்று என்மேலேயே எரிந்து விழுந்தாள். வீட்டிலிருந்து மார்க்கெட் கூப்பிடு தூரம். அதற்கு எதற்குப் பஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

டாக்டர் பார்த்தார். வியாதி ஆரம்பம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, மூளைக்கு வேலை கொடுங்கள், கூட இருந்து கவனியுங்கள் என்றார். பிரான்சில் இருக்கிற அவள் மகனுக்குப் போனில் எல்லாம் சொன்னோம். அவன் பயந்துவிட்டான். காலாப்பட்டுப் பக்கம் கடலோரமாக ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, நல்ல இடம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், லீவு போட்டு வந்து அம்மாவைச் சேர்த்துவிட்டுப் போகிறேன் என்றான். பிரான்சுக்கு அழைத்துப் போகலாம்தான், அங்கே அவனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போய்விட்டால் பூட்டிய வீட்டில் இவள் என்ன செய்வாள்? ஒரு தடவை போய்விட்டு, குளிரில் செத்துவிடுவேன் என்று அழுதுகொண்டு வந்தவள்.

நான் அவனிடம், நீ வருகிற வரைக்கும் எனக்கு விடு, அவளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன், வந்து பார், அப்புறம் முடிவு பண்ணு என்றேன். சரி அத்தை என்றான். அவன் குரலில் நம்பிக்கை இல்லை.

பெரிய மார்க்கெட் பக்கம் போய்க் காந்தம் வைத்த பலகை வாங்கி வந்தேன். கை நடுங்கினாலும் காய் சரியாது. முதலில் சிப்பாய்களை மட்டும் வைத்து ஆடினோம். நான் யாருக்கும் அப்படித்தான் தொடங்குவேன். எட்டுக்கு எட்டு, யார் முதலில் அக்கரை போகிறார்கள் என்று பார்ப்பது. பாப்பாவுக்கு அது பிடித்துப் போயிற்று. குதிரைக்கு மட்டும் பலகை பத்தாது என்று அவளை எழுப்பி நிற்க வைத்தேன். அவள் வீட்டுக் கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்திருக்கிறது. நேரே ரெண்டு கல், பக்கத்தில் ஒரு கல் என்று நடக்க வைத்தேன்.

"ஏன் அண்ணி, இந்த வயசுல என்ன குதிரையாக்கிட்டியே. முட்டி வலிக்குது."

"குதிரைக்கு முட்டி வலிக்காது. நட."

நடந்தாள், சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் பலகையில் குதிரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இது எப்படிப் போகும் என்று கேட்டாள்.

அங்கேதான் எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் எல்லாரும் கேட்கிற கேள்விதானே அது? டைலர் ஒரு மாசம் கேட்டார். கம்பெனிப் பெண்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டபோது அதட்டிவிட்டு மறுபடி சொல்லிக் கொடுத்தேன். இவள் கேட்கும்போது அவள் கண்ணைப் பார்த்தேன். நேற்று கல்லில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா, அல்லது நடந்ததே போய்விட்டதா? குதிரையை மறந்தால் ஆட்டம் புதுசு, அவ்வளவுதான். கூடத்தில் நடந்ததை மறந்தால் அது வேறு. ஆனால் எப்படிக் கேட்பது? நேத்து நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், நான் சோதிக்கிறேன் என்று. அவள் ரோஷக்காரி. ஒரு தரம் தெரிந்தால் பலகையைத் தூக்கி வெளியே வீசிவிட்டு என்னையும் வராதே என்பாள். அதனால் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. இன்றைக்கு என்ன தப்பு பண்ணினாள், அது ஆட்டத்துத் தப்பா தலைக்குள் இருக்கிற தப்பா என்று மருமகளிடம் புலம்புவேன். மருமகள், "அத்த, நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தப்ப நான் இத விட மோசமா ஆடுனேன்" என்பாள். அது ஆறுதலாகத்தான் இருந்தது, ராத்திரி படுக்கிற வரைக்கும்.

போகப் போக பாப்பா தேறினாள். சில நாள் நன்றாகவே ஆடினாள். என் யானையை வெட்டிவிட்டு அதைக் காதோரம் வைத்து ஆட்டிக் காட்டுவாள். எங்கள் மில் ஆட்டத்தில் ஒரு விஷயம் உண்டு, அதையும் சொல்லிக் கொடுத்திருந்தேன். ராஜா ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டலாம். அதுவும் செக் வாங்காத ராஜாதான் தாண்டலாம். பந்தலில் எல்லாரும் அப்படித்தான் ஆடினோம். உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாப்பாவுக்கு அந்தத் தாண்டல்தான் ரொம்பப் பிடித்தது. சொல்தா பெண்டாட்டி அல்லவா, ராஜா தப்பிக்க வழி இருக்க வேண்டும் என்பாள்.

மகன் வந்தான். நாற்பதைத் தாண்டிவிட்டான், தாடியில் வெள்ளை. வந்த இரண்டாம் நாளே காலாப்பட்டுக்குப் போய் அறையைப் பார்த்து, ஒரு அறை காலியாக இருக்கிறது, அம்மாவுக்கு வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். என்னிடம் தனியாகச் சொன்னான். கெட்ட பிள்ளை இல்லை அவன். சொல்லும்போது கை பிசைந்துகொண்டே சொன்னான்.

நான், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆடும்போது உட்கார்ந்து பார் என்றேன்.

அந்த ஞாயிறு வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தோற்றுக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு அது வேண்டாம் என்று விட்டேன். என்னிடம் ஜெயித்தால் நிஜமாகவே ஜெயிக்கட்டும். நான் யாருக்கும் தோற்றுக் கொடுத்தவள் இல்லை.

பாப்பா நல்ல புடவை கட்டிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். மகன் சோபா நுனியில் உட்கார்ந்தான். அவனுக்கும் ஆட்டம் தெரியும், பிரான்சில் கூட வேலை செய்கிறவர்களிடம் கற்றுக்கொண்டானாம். அவள் வெள்ளை, நான் கறுப்பு. அவள் கை ஒவ்வொரு காய்க்கும் போகிறபோது நான் பலகையை விட்டு அந்தக் கையையே பார்த்தேன். குதிரையை எடுத்தாள், சரியாக வைத்தாள். சிப்பாயால் சாய்வாக வெட்டினாள். மகன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எனக்குத் தைரியம் வந்து ஆட்டத்தை இறுக்கினேன். யானையையும் ராணியையும் கொண்டுவந்து அவள் ராஜாவை மூலையில் நெருக்கினேன். அடுத்த தடவை செக் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். பிறகு ராஜாவை எடுத்தாள், நேரே ரெண்டு கட்டம், பக்கத்தில் ஒன்று, தூக்கி வைத்தாள். நல்ல தாண்டல். நான் உள்ளுக்குள் சபாஷ் போட்டேன்.

மகன் எழுந்து வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அம்மா பக்கத்தில் குந்தி, குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசினான்.

"அம்மா, அது குதிரை இல்லம்மா. ராஜா."

பாப்பா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை மறுபடி ராஜாவிடம் போயிற்று, திரும்ப எடுத்து வைக்க.

"எடுக்காத பாப்பா. வெச்சது சரிதான்" என்றேன். அவனிடம் எங்கள் மில் ஆட்டத்தைச் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அம்மாவைக் காப்பாற்ற நான் அந்த நிமிஷம் கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

"அத்த, அந்த மாதிரி சட்டம் எங்கயும் கெடயாது. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்றீங்க, புரியுது."

இத்தனை வருஷம் நான் ஆடியதை ஒருத்தன் இல்லை என்கிறான். அதை விடு. நான் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்தாள், அதுவே அவளுக்கு வினையாகப் போகிறது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டான்.

பாப்பாதான் பேசினாள்.

"எங்கயும் இல்லன்னா? எங்க அண்ணன் ஆடுன ஆட்டம்டா இது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாட்டி. செக்கு வாங்கிட்டா கெடயாது. நான் இன்னும் வாங்கல, தாண்டுனேன். பிரான்சுல தெரியலன்னா அது அவனுங்க தலையெழுத்து."

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர். இன்னொரு தடவை சொல்லு என்றான். அவள் வார்த்தை மாறாமல் சொன்னாள், கூடவே காது கேட்கவில்லையா என்று ஒரு அதட்டலும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். மெல்ல எழுந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அறை வேண்டாம் என்று காலாப்பட்டுக்குச் சொல்லத்தான் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. என் ராணியைக் கிட்டே கொண்டுபோனேன். பாப்பா பார்த்தாள். ராஜாவை எடுத்தாள். நேரே ரெண்டு, பக்கத்தில் ஒன்று.

வாசலில் அவன் பேசுவது கேட்டது. இல்லைங்க, வேற யாருக்காவது குடுத்துடுங்க, எங்கம்மா நல்லா இருக்காங்க.

நான் மெதுவாகக் கேட்டேன். "பாப்பா, தாண்டியாச்சேம்மா."

"எப்ப?" என்றாள்.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தெரியும் அண்ணி. நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்." ராஜாவைப் பழைய கட்டத்தில் வைத்தாள். அந்தக் கட்டம் சரியாகத்தான் இருந்தது. தெரிந்து தாண்டினாளா, என் முகத்தைப் பார்த்து அப்புறம் சொன்னாளா? இன்று வரை எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவள் தாயக்கட்டையில் ஏமாற்றுகிறவள்தான். அதையும் நினைத்துப் பார்த்தேன். மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் மகன் என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். தெரு முனையில் நின்று சொல்லிவிட்டேன். நீ போனில் இருந்தபோது இன்னொரு தடவை தாண்டிவிட்டாள், சும்மா விளையாடினேன் என்கிறாள், எனக்குத் தெரியவில்லை என்று.

"அப்பவே ஏன் அத்த சொல்லல?"

"அவ எதுர்லயா?"

தலை குனிந்துகொண்டான். திரும்பக் காலாப்பட்டுக்குப் போன் பண்ணட்டுமா என்றான்.

"பண்ணாத. தனியா இருந்தாதான பயம். நான் போயி அவகூட இருந்துக்கறேன். எனக்கு முடியலன்னா நானே ஒனக்குச் சொல்லுவேன். மறைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, பாப்பாவிடம் என்ன சொல்வது? உன்னைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அவன் விமானம் ஏறிய மறுநாள் இரண்டு புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவள் பையைப் பார்த்தாள்.

"மருமவ தொரத்திட்டாளா?"

இல்லை என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பையைக் கீழே வைத்தேன்.

"சொல்ல வேணாம், புரியுது. இரு அண்ணி. நான் இருக்கற வரைக்கும் ஒனக்கு ஒரு வாய் சோறு இல்லாமலா போவும்?"

என் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். நாலு நாளில் மீன்காரி வரைக்கும் போய்விட்டது, மில்லுக்காரம்மாவை மருமகள் வெளியே தள்ளிவிட்டாள், நாத்தனார் வீட்டில் அண்டிக் கிடக்கிறாள் என்று. கடைக்குப் போனால் பரிதாபப்பட்டுத் தக்காளியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறார்கள். காது எரிந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருமகள் என் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தாள். பாப்பா அவளை உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்துக் கேட்டாள், வயசான காலத்தில் மாமியாரை இப்படிப் பண்ணலாமா, உனக்கும் ஒரு மகன் இருக்கிறான் இல்லையா, நாளைக்கு உனக்கும் இதுதான் என்று. மருமகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். பத்து வருஷமாக எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவள். வேண்டாம், சொல்லிவிடாதே என்று நான் லேசாகத் தலையாட்டினேன்.

"தப்புதான் சின்னத்த. இனிமே அப்பிடி நடக்காது" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் கூப்பிடவில்லை.

பாப்பாவுக்கு ஒரே திருப்தி. "பாத்தியா அண்ணி, ஒனக்காக எப்பிடிக் கேட்டேன்?"

"கேட்ட பாப்பா."

காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். நான் அடுப்பு தெரிகிற பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.